சில்லு வைத்த வீட்டில் காக்காவைப் பார்க்க

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போவதுதான் நமக்கெல்லாம் பழக்கம். வீட்டையும் கூட்டிக்கொண்டே பயணம் போன கதை ஒன்றை இம்முறை சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மகனிடம் அமெரிக்கா போயிருந்தேன். மகன் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ரோய்ட் நகரை ஒட்டிய டியர்போர்ன் என்ற இடத்தில். ஃபோர்ட் கார் கொம்பனியின் சொந்த ஊர் அது. கார் தொழிற்சாலைகளில் வேலை தேடி நூறு வருடங்களுக்கு முன்பே அரபு நாட்டவர்கள் அங்கு வந்து குடியேறத் தொடங்கினார்களாம். அதனால் கடைப் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தோடு அரபும் இருக்கிறது. ஹலால் இறைச்சிக்கடை நடந்து போகும் தூரத்தில். அமெரிக்கா வந்திருக்கிறோம் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

அதே மாநிலத்தின் வடகோடியில் ஒரு சிற்றூரில் என் காக்கா இருக்கிறார். அவருடைய மகள் அங்குள்ள ஆஸ்பத்திரியில் டொக்டர். காக்காவும் மச்சியும் மகளோடுதான். 2009இல் ஊருக்கு வந்துபோனவர், பிறகு நெஞ்சு ஒப்பரேஷன், அது இது என்று வரவே இல்லை. பதினான்கு வருடங்களாகத் தொலைபேசியில் கேட்ட குரல்தான்.

“மாமாவைப் பார்க்கப் போவம் உம்மா” என்றான் மகன்.

எனக்கு ஆசைதான். கூடவே ஒரு பயமும் இருந்தது. அந்தப் பயத்தின் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏறக்குறைய 550 கிலோ மீற்றர் பயணம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நம் நாட்டின் நீளமே 430 கிலோ மீற்றர் சொச்சந்தான். எனக்கோ முழங்கால் வருத்தம், சீனி வருத்தம். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கவேண்டும். வழியில் சாப்பாட்டுப் பிரச்சினை. காக்கா மகள் இருப்பது இரண்டு அறை வீடு. இதையெல்லாம் யோசித்து மகன் ஒரு ‘ஆர்.வி.’யை வாடகைக்கு எடுத்துவிட்டான்.

குசினியோடு ஒரு வாகனம்

ஆர்.வி. என்பது ஓடும் வீடு. லொறியின் முன்பாகத்தில் சிறிய வீடொன்றை ஏற்றி வைத்தாற்போல் இருக்கும். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு நாலு, ஆக ஆறு சில்லு. சாரதியின் தலைக்கு மேலே ஒரு கட்டில். பின்பக்கம் இன்னொரு கட்டில். நடுவில் ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு ஆசனம். இராத்திரியில் மேசையைத் தாழ்த்திவிட்டால் அதுவும் கட்டில். காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, மலசலகூடம், குளிக்க ஒரு மூலை. எல்லாம் பொம்மை வீடு மாதிரி அளந்து செய்தது.

குசினிதான் என்னைக் கவர்ந்தது. அலுமாரிக் கதவு ஒவ்வொன்றுக்கும் கொளுக்கி இருக்கிறது. பூட்ட மறந்தால் முதல் வளைவிலேயே கோப்பை கீழே. நானும் மறந்தேன்; மிளகாய்த்தூள் போத்தல் ஒன்று போயிற்று. வாகனம் ஓடும்போது எழுந்து சமைக்கக் கூடாது, பட்டி போட்டு உட்காரவேண்டும். சமையல் எல்லாம் நிறுத்திய பிறகுதான்.

வாகனத்தின் அடியில் மூன்று தாங்கிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கழுவிய தண்ணீர், மற்றதில் மலசலகூடக் கழிவு. நல்ல தண்ணீர் ஏறக்குறைய 150 லீற்றர்தான். திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும் கை எனக்கு. “உம்மா, தண்ணி!” என்று மகன் இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது. மூன்றாம் நாள் ஒரு குவளைத் தண்ணீரில் வுழூச் செய்யப் பழகிவிட்டேன். கழிவுத் தாங்கிகளை அதற்கென்றுள்ள இடத்தில் குழாய் போட்டுக் காலி செய்வது மகனின் வேலை. கையுறை மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி அவன் நிற்பதைப் பார்த்து, இவனுக்கு எத்தனை தடவை நான் துணி மாற்றியிருப்பேன் என்று சிரித்துக்கொண்டேன்.

இறைச்சிக்கறி, பருப்பு, ஊரிலிருந்து கொண்டுபோன சீனிச்சம்பல், அரிசிமா, தேங்காய்ப்பூ என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒக்டோபர் இரண்டாம் கிழமை புறப்பட்டோம்.

இலைகள் நிறம் மாறும் காலம்

எழுபத்தைந்தாம் இலக்க நெடுஞ்சாலை தெற்கே ஃபுளோரிடாவில் தொடங்கி வடக்கே கனடா எல்லையில் முடிகிறது. அதன் வடக்கு முனையை நோக்கித்தான் எங்கள் ஓட்டம். முதலில் தொழிற்சாலைகள், பிறகு சோளக் காணிகள், அதற்குப் பிறகு காடு. ஓரிடத்தில் வீதியோரம் ஒரு பலகை நிற்கிறது. பூமத்திய ரேகைக்கும் வடதுருவத்துக்கும் நடுவிடம் இதுதான் என்று எழுதியிருக்கிறது. நாற்பத்தைந்தாம் பாகை. சம்மாந்துறையின் ஏழாம் பாகையிலிருந்து வந்தவள் யன்னலால் எட்டிப் பார்த்தேன். குளிர் முகத்தில் அடித்தது.

அந்தக் காட்டின் நிறத்தை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூட வளவில் நிற்கும் வாதுமை மரத்தின் இலை விழுவதற்கு முன் சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாவட்டம் முழுவதும் அப்படியான மரங்களாகவே நின்றால் எப்படியிருக்கும்? மஞ்சள், செம்மஞ்சள், இரத்தச் சிவப்பு, இடையிடையே ஊசியிலை மரங்களின் கரும்பச்சை. சீனி மேப்பிள் என்ற மரமும் அவற்றில் ஒன்று. அதன் பாலைக் காய்ச்சித்தான் அங்கு பாணி எடுக்கிறார்கள்.

பகல் குறுகி இராக் குளிர் கூடியதும் இலை தன் பச்சைச் சாயத்தைக் கைவிடுகிறதாம். பச்சை போனதும் அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அந்த நேரத்தில்தான் இலையில் புதிதாக உண்டாகிறதாம். மகன் இதைச் சொல்லிக்கொண்டு வந்தான். பச்சை இருந்த காலமெல்லாம் அந்த மஞ்சளும் உள்ளே இருந்திருக்கிறது என்பதைக் கேட்டதும் என் மனம் வேறெங்கோ போய்விட்டது.

இனி அந்தப் பயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். வாப்பா கூலி விவசாயி. ராத்தாவும் நானும் இரண்டு குமர். காக்கா 1979இல், இருபத்து நாலு வயதில், சவூதிக்குப் போனார். 1983இல் ராத்தாவின் வீடு முடிந்தது. 1987இல் என் வீடு. அதற்குப் பிறகுதான் தன் கலியாணத்தைப் பற்றியே பேசவிட்டார். “தங்கச்சி, இது உனக்கு மௌத்து வரைக்கும்” என்று எழுதிய கடிதம் வெகுகாலம் என்னிடம் இருந்தது.

அந்த வீட்டை 2012இல் விற்றுவிட்டோம். மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு வேறு வழி இல்லை. நானும் அவரும் ஊர்க் கோடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். பெண்பிள்ளை எங்களுக்கு இல்லை என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ராத்தா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டா. காக்காவுக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அவர் கேட்டால் மறுக்கமாட்டார் என்று தெரியும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. “வீடு எப்படி புள்ள?” என்று தொலைபேசியில் கேட்பார். “நல்லா இருக்கு காக்கா” என்பேன். 2019இல் என் கணவர் மௌத்தான நேரமும், “சொந்த வீட்டில இருக்கிறாய், அது பெரிய ஆறுதல்” என்றார். ஓம் என்றேன். இப்படியே பதினொரு வருடம்.

“இந்த முறை சொல்லிருங்க உம்மா” என்று மகன் புறப்படும்போதே சொல்லியிருந்தான்.

ஐந்து மைல் பாலம்

மிச்சிகன் மாநிலம் இரண்டு துண்டு. கீழ்த்தீபகற்பம், மேல்தீபகற்பம். நடுவில் மிச்சிகன், ஹியூரன் என்ற இரண்டு பேரேரிகளும் சந்திக்கும் நீரிணை. அதற்கு மேலாக 1957 நவம்பர் முதலாம் திகதி திறக்கப்பட்டதுதான் மெக்கினோ பாலம். அதற்கு முன் கார்களைப் படகில் ஏற்றித்தான் கடத்தினார்கள். நீளம் ஐந்து மைல், அதாவது எட்டு கிலோ மீற்றர். நடுப்பகுதியில் வீதி, தண்ணீருக்கு மேல் சுமார் 200 அடி உயரத்தில் தொங்குகிறது. உட்பக்க ஒழுங்கையில் வீதிக்குப் பதிலாக இரும்புச் சல்லடை. அதன் ஊடாகக் கீழே தண்ணீர் தெரியும். வாகனம் ஓட்டப் பயப்படுபவர்களுக்குப் பால நிர்வாகமே ஆள் கொடுத்து வாகனத்தைக் கடத்திவிடுகிறது.

முதல் இரவு பாலத்துக்கு இப்பால் ஒரு தங்குமைதானத்தில் நின்றோம். ஆர்.வி.க்காரர்களுக்கென்றே இப்படியான மைதானங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு இடம். கறண்ட் எடுக்க ஒரு தூண், தண்ணீருக்கு ஒரு குழாய், விறகு எரிக்க ஒரு இரும்பு வளையம். பக்கத்து வாகனத்தில் ஒரு வயதான தம்பதி, நாயோடு. அந்த அம்மா என் முக்காட்டைப் பார்த்துச் சிரித்து, தோட்டத்து அப்பிள் நாலைந்து கொண்டுவந்து தந்தா. நான் சுட்ட ரொட்டியில் இரண்டு கொடுத்தேன். இராத்திரி உறைபனி விழும் என்று மகன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைத்தான். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே தண்ணீர் கட்டியாகிவிடுமாம். தொழுகைக்குக் கிப்லா வடகிழக்கு. மேற்கு நோக்கியே தொழுது பழகிய எனக்கு, கிழக்குப் பக்கம் திரும்பி நிற்பது மூன்று நாளாகியும் பழகவில்லை.

காலையில் பாலத்தில் ஏறினோம். காற்று கொஞ்சம் இருந்தது. உயரமான வாகனம் என்பதால் மகன் மெதுவாகவே ஓட்டினான். எட்டு கிலோ மீற்றரும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதியபடி இருந்தேன். “முடிஞ்சிட்டு உம்மா” என்றபோது திறந்தேன். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவர்களை மேல்தீபகற்பத்தார் பகிடியாகப் ‘பூதங்கள்’ என்பார்களாம். பூதங்கள் பாலத்துக்கு அடியில்தானே வசிக்கும்!

காக்காவின் முற்றம்

மேல்தீபகற்பம் மாநிலத்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. மக்களோ நூற்றுக்கு மூன்று பேர்தான். சில இடங்களில் ஒரு குளிர்காலத்தில் 200 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டுகிறது. அப்படியான இடங்களுக்கு டொக்டர்மார் வருவது குறைவு. எங்கள் மருமகள் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் இத்தகைய சிற்றூர்களில் வேலை செய்வது இதனால்தான்.

காட்டோரத்தில் ஒரு பலகை வீடு. முற்றத்தில் கம்பளிச் சட்டையோடு காக்கா நின்றார். பதினான்கு வருடத்துக்கு முன் கண்ட ஆள் இல்லை. உடம்பு பாதியாகிவிட்டது. தாடி முழுக்க வெள்ளை. “வாங்க வாங்க” என்றவர் என் தலையில் கை வைத்தார். இருவரும் அழுதோம். பிறகு வாகனத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு ரயரையும் காலால் தட்டிப் பார்த்தார். “வீட்டோட வந்திருக்கிறாய்” என்றார்.

மச்சி சமைத்து வைத்திருந்தது ‘பாஸ்ட்டி’ என்ற பலகாரம். நம் பெட்டிஸுக்குப் பெரிய காக்கா என்று சொல்லலாம். ஒன்று தின்றால் வயிறு நிறைந்துவிடும். 1840களில் செப்புச் சுரங்க வேலைக்கு இங்கிலாந்தின் கோர்ன்வோலிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. சுரங்கத்துக்குள் கையில் பிடித்துச் சாப்பிட வசதியானது. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒருவகைக் கிழங்கு வைத்து மடித்துச் சுடுவார்கள். நாங்கள் ஏற்றிவந்த டியர்போர்ன் ஹலால் இறைச்சியில் மறுநாளும் மச்சி சுட்டா, இம்முறை பச்சை மிளகாயும் போட்டு.

அடுத்த நாள் எல்லோரும் எங்கள் ஓடும் வீட்டிலேயே தக்குவாமெனன் நீர்வீழ்ச்சி பார்க்கப் போனோம். ஐம்பது அடி உயரம், இருநூறு அடி அகலம். விழுகிற தண்ணீர் வெள்ளை இல்லை, சாயம் ஏறிய பிளேன்டீ நிறம். மேலேயுள்ள சதுப்புக் காட்டு மரங்களின் துவர்ப்பு ஊறித் தண்ணீருக்கு அந்த நிறம் வருகிறது. அங்கிருந்து சுப்பீரியர் பேரேரிக் கரைக்கு வந்தோம். பரப்பளவில் உலகின் ஆகப் பெரிய நன்னீர் ஏரி. 82,000 சதுர கிலோ மீற்றருக்கு மேல். நம் இலங்கை 65,610. நாடு முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். நவம்பர் புயல் இங்கு பொல்லாதது என்றார் காக்கா. 1975 நவம்பர் 10ஆம் திகதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற பெரிய சரக்குக் கப்பல் இந்த ஏரியில் மூழ்கி 29 பேரும் மௌத்தானார்களாம்.

மற்றவர்கள் கரையில் நடக்கப் போனார்கள். குளிர் தாங்காமல் காக்காவும் நானும் வாகனத்துக்குள் மேசையின் எதிரெதிரே உட்கார்ந்தோம். தேத்தண்ணீர் ஊற்றினேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்:

“கிணத்தடி மாமரம் காய்க்குதா புள்ள?”

சொன்னேன். விற்றதை, எப்போது, எதற்காக என்பதை. இவ்வளவு காலமும் பொய் சொன்னதை. ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறும் நேரம் எடுத்தது.

காக்கா ஒன்றும் பேசவில்லை. யன்னலால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு இறங்கிக் கரைக்குப் போய்விட்டார். திரும்பி வரும் வழியிலும் பேச்சில்லை. இராச் சாப்பாட்டுக்கு மேசைக்கு வரவில்லை. மச்சி என்னைப் பார்த்தா, நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த இரவு நான் தூங்கவில்லை.

சுபஹுக்குப் பிறகு வாகனக் கதவில் தட்டும் சத்தம். காக்கா.

“எவ்வளவுக்கு வித்தாய்?”

“நாற்பத்தெட்டு இலட்சம்.”

“இருபது பேர்ச் வளவு. கட்டின கிணறு. முதிரைக் கதவு.” கொஞ்ச நேரம் நின்றார். “நாற்பத்தெட்டுக்கா குடுத்த? ஏமாத்திட்டானுகள் புள்ள.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து அவர் சொன்ன கதையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தம்மாமில் ஒரு அறையில் எட்டுப் பேர். வாப்பா நீலக் கடிதத்தில் கணக்கு எழுதுவாராம்: கல் இத்தனை, சீமெந்து இத்தனை பை, மேசன் கூலி இவ்வளவு. அதை வைத்து இராத்திரியில் படுத்துக்கொண்டு, இன்று யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கும், இன்று கூரைக்கு வந்திருக்கும் என்று மனத்துக்குள் கட்டுவாராம். லீவில் வந்தாலும் உம்மா வீடு, கலியாணத்துக்குப் பிறகு மச்சியின் வீடு. “ரெண்டு வீடு கட்டினேன். ரெண்டிலயும் ஒரு இராக் கூடப் படுக்கல்ல” என்றார்.

பிறகு மகனைக் கூப்பிட்டார். “உன்ட படிப்புக்குத்தானே போச்சு? சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் போட்டிருப்பேன். வீடும் மிஞ்சியிருக்கும்.” அவனுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால் இவ்வளவு நோகாது.

அன்றுதான் நாங்கள் தங்கும் கடைசி இரவு. இஷாவுக்குப் பிறகு காக்கா தலையணையும் போர்வையுமாக வந்தார். “இண்டைக்கு இங்கதான்” என்றார். மச்சி குளிர் பிடிக்கும் என்று ஏசினா. அவர் கேட்கவில்லை. மேசையைத் தாழ்த்திக் கட்டிலாக்கிக் கொடுத்தேன். மகன் மேல்கட்டிலில், நான் பின்னால். ஹீற்றர் உறுமும் சத்தத்துக்கு நடுவே, “அடுப்பை நிப்பாட்டினியா புள்ள?” என்று கேட்டார். நிப்பாட்டினேன் என்றேன். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

காலையில் புறப்பட்டோம். இரண்டு நாள் காற்றில் இலைகள் பாதி கொட்டி, காட்டுக்குள்ளே வெளிச்சம் தெரிந்தது. பாலத்தில் இம்முறை கண்ணை மூடவில்லை. சல்லடைக்குக் கீழே பச்சைத் தண்ணீர் ஓடியதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் காக்கா தொலைபேசி எடுத்தால் அந்தக் கேள்வியை விடுவதில்லை. “மாமரம் காய்க்குதா?” இப்போது அந்த ஒழுங்கையால் போகும்போது நின்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். காய்த்தால் காய்த்தது என்கிறேன். ஒரு கொப்பை வெட்டியபோது, வெட்டிவிட்டார்கள் காக்கா என்றேன்.

“எந்தப் பக்கத்துக் கொப்பு?” என்று கேட்டார்.